காலி கார்டைக் கொடுங்கள், பீரோவைத் திறங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ராஸ்பெரி பை வாங்கிக் கொடுக்கலாமா சார்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கை அகலத்தில் ஒரு பலகை, அதுவே முழுக் கணினி. தாராளமாகக் கொடுங்கள். ஆனால் லினக்ஸ் ஏற்றி முடித்த மெமரி கார்டைச் செருகி, சுவிட்சைப் போட்டால் ஓடும் என்ற நிலையில் கொடுக்காதீர்கள். காலி கார்டாகக் கொடுங்கள். ஏற்றுகிற வேலையைப் பிள்ளைகள் செய்யட்டும்.

நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் (பெயர் வேண்டாம்) இப்படி வந்த பலகைகள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. கேட்டால், "பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகும்" என்கிறார்கள். தொட்டுப் பார்ப்பதற்கென்றே பிறந்த சாமான் ஐயா அது! கேம்பிரிட்ஜில் கணினி படிக்க வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதும் பழக்கமே குறைந்துவிட்டது என்ற கவலையில்தான் எபன் அப்டனும் நண்பர்களும் அதை உருவாக்கினார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது.

அதில் லினக்ஸைக் கெடுப்பதும் லேசான காரியமில்லை. எல்லாம் கார்டில்தான் இருக்கிறது. குழம்பிவிட்டால் கார்டைக் கழற்றி மறுபடி எழுதினால் போதும், பழையபடி எழுந்துவிடும். மின்சாரம் தவறாகக் கொடுத்தால் பலகை போகும், உண்மை. 3.3 வோல்ட் முனையில் 5 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும். அதற்குத்தான் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். பீரோ சாவியோடு தூரத்தில் அல்ல.

ஏற்றுவதில் என்ன பாடம் என்கிறீர்களா? இறக்கிய கோப்பை, பென் டிரைவில் பாட்டு ஏற்றுகிற மாதிரி, பையன் கார்டில் காப்பி செய்வான். பலகை எழும்பாது. ஏன் என்று கேட்பான். பலகை முதலில் கார்டின் முதல் பகுதியில் தொடக்கக் கோப்புகளைத் தேடுகிறது, அவை கெர்னலை எழுப்புகின்றன, கெர்னல் மற்றதையெல்லாம் எழுப்புகிறது. அதனால் கார்டை அந்த அமைப்பில் எழுத வேண்டும் என்று அப்போதுதான் புரியும். பச்சை விளக்கு 4 முறை மினுக்கினால் தொடக்கக் கோப்பைக் காணோம், 7 முறை மினுக்கினால் கெர்னலைக் காணோம். பலகையே கேள்வித்தாள் கொடுக்கிறது. தயார் கார்டு வாங்கிக் கொடுப்பவர் விடையை எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

இதை ஒருமுறை பார்த்துவிட்டோம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. வாங்கியவர்கள் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். எத்தனை பேர் அதைத் திறந்தீர்கள்? உங்களைக் குறை சொல்லவில்லை. ஏற்றியே கொடுத்தோம், ஏற்றக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆரியங்காவைத் தாண்டிப் பாருங்கள். கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில் நடக்கிறது, பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வும் அதில்தான். 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் குழுக்களும் இயங்குகின்றன. 1956 வரை செங்கோட்டையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் நம் பிள்ளைகளுக்குப் புத்தி குறைந்துவிடவில்லை.

"லினக்ஸ் படித்தால் வேலை கிடைக்குமா மாமா?" என்று மருமக்கள் கேட்பீர்கள். நீங்கள் இதைப் படிக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் அத்தனையிலும் லினக்ஸ்தான். மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனம் இருக்கிறது என்று பெருமை பேசுகிறோம். அதன் வாசல் வரை போகிற பிள்ளைக்கு, கணினி எப்படிக் கண் விழிக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஆண்டுவிழாவுக்கு பிளக்ஸ் வைக்கிற காசில் பத்து காலி கார்டு, ஒரு கார்டு ரீடர், ஒழுங்கான 5 வோல்ட் அடாப்டர்கள் வாங்குங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய எச்.டி.எம்.ஐ. டிவியைக் கொடுங்கள். லினக்ஸுக்குக் காசு கிடையாது. கூடவே தலைமையாசிரியரிடம் ஒரு வாக்குறுதி வாங்குங்கள்: பீரோ சாவி மாணவர் தலைவனிடம் இருக்கும்.

மாற்றுக்கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். கை கட்டி நிற்க வேண்டாம், எதிர்த்தே பேசலாம்.