செங்டுவிலிருந்து லாசாவுக்கு எவ்வளவு தூரம்?

சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டுவுக்கும் திபெத்தின் தலைநகரான லாசாவுக்கும் இடையே ஆகாய மார்க்கமாக 1,250 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விமானத்துக்கு இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் பிடிக்கும். பீக்கிங்கிலிருந்து ஷாங்காய்க்குப் போகவும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஆகிறது. ஆதலால், கால அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இவ்விரண்டும் ஒரே ஜாதிப் பிரயாணம் என்று எண்ணினால் அவரைக் குறை சொல்வதற்கில்லை, குறை அட்டவணையினுடையது.

செங்டு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டரில் இருக்கிறது. லாசாவோ 3,650 மீட்டரில். சாதாரணமாக, பறக்கும் விமானத்தினுள் சுமார் 2,400 மீட்டர் உயரத்து மலையூரில் உள்ள காற்றழுத்தமாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள்; விமானம் இறங்க இறங்க உள்ளிருக்கும் காற்றும் அடர்த்தியாகும். லாசாவுக்குரிய கொங்கார் விமான நிலையமே 3,570 மீட்டரில் இருப்பதால், அங்கே இந்த நியதி தலைகீழாகிறது: விமானம் தாழத் தாழ உள்ளே காற்று மெலிகிறது. கதவு திறக்கும்போது பிரயாணிக்குக் கிடைப்பது, கடற்கரையில் சுவாசிக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, தூக்கமின்மை, நாலு படி ஏறுவதற்குள் இரைப்பு என்று சரீரம் தன் கணக்கைத் தொடங்குகிறது. முதல் நாள் ஓய்வாக இருக்கும்படி வைத்தியர்கள் சொல்வது அதனால்தான். அந்த ஓய்வையும் பிரயாண காலத்தில் சேர்ப்பதே நியாயம்.

வழியிலும் தொல்லை உண்டு. விமானத்தினுள் அழுத்தம் குறைந்துவிட்டால், பிற இடங்களில் விமானி விரைந்து 3,000 மீட்டருக்கு இறங்கிவிடலாம். முகமூடியில் வரும் பிராணவாயு சில நிமிஷங்களுக்கு இருந்தால் போதும். இங்கே அவ்வளவு தாழ இறங்கினால் மலைதான் எதிர்ப்படும். எனவே இம்மார்க்கத்து விமானங்கள் அதிக நேரத்துக்கான பிராணவாயுவைச் சுமந்துகொண்டு பறக்கின்றன. இடையிலுள்ள பாங்தா விமான நிலையத்தை அமைத்தபோது ஓடுபாதையை 5,500 மீட்டர் நீளத்துக்குப் போட நேர்ந்ததும், அந்த மெலிந்த காற்றில் விமானம் எழும்ப நெடுந்தூரம் ஓடவேண்டியிருப்பதால்தான்.

தரைவழியே நெடுஞ்சாலையில் போனால் 2,100 கிலோமீட்டருக்கு மேல். யாங்சி, மீகாங், சால்வீன் ஆகிய மூன்று மகா நதிகளின் மேற்பகுதிகளையும் கடக்க வேண்டும். நாட்கள் பல ஆகும். எனினும் காங்திங், லிதாங், பதாங் என்று ஊர்தோறும் தங்கிப் போகிறவனுடைய சரீரம் சிறிது சிறிதாக உயரத்துக்குப் பழகிக்கொள்கிறது. தாமதமென்று நாம் இகழ்வதில் பாதி, உண்மையில் சிகிச்சை.

இப்போது இதே திசையில் ரயில் பாதை உருவாகி வருகிறது. செங்டு பக்கத்துப் பகுதி 2018-இலும் லாசா பக்கத்துப் பகுதி 2021-இலும் திறக்கப்பட்டுவிட்டன. யாஆனுக்கும் நிங்சிக்கும் இடைப்பட்ட கடினமான பகுதியில் 2020 நவம்பர் முதல் வேலை நடக்கிறது. எல்லைப் பாதுகாப்பை முன்னிட்டும் சீன அரசாங்கம் இதைப் போடுகிறது என்பது வெளிப்படை. திபெத்தியர் அனைவரும் இதை வரவேற்கிறார்கள் என்று கொள்வதற்கும் இல்லை. எனினும் ரயில் விமானத்தை வெல்லுமா என்று மணிக்கணக்கில் எடைபோடுபவர்கள் இரு கோடிகளிலுள்ள நகரவாசிகளை மட்டுமே கருதுகிறார்கள். நடுவழியில் ஏறி நடுவழியிலேயே இறங்கப்போகிறவருக்கு அந்த இரண்டரை மணிக் கணக்கால் ஆவது ஒன்றுமில்லை.