உங்கள் பிள்ளை யார் வண்டியில் ஏறுகிறது?

“சார்... சார்... நிப்பாட்டுங்க சார்!”

மாலை 5 மணி இருக்கும். மதுரையில் இருந்து உசிலம்பட்டி போகும் ரோட்டில், செக்கானூரணியைத் தாண்டி நான் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டு இருந்தேன். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் கை காட்டினான். 10 வயதுதான் இருக்கும். வண்டியை நிறுத்தினேன். நான் வாய் திறப்பதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

“பஸ்ஸு போயிருச்சு சார். அடுத்த ஊர்ல எறக்கி விடுங்க.”

“நான் யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அப்புறம் எப்படிப்பா ஏறின?”

“பாத்தா நல்லவரு மாதிரி இருந்துச்சு!”

ஊர் மந்தையில் அவனை இறக்கிவிட்டேன். அங்கே நின்ற அவனுடைய அம்மாச்சி, “புண்ணியமாப் போகும் தம்பி” என்றார். நான் யார் என்று அவரும் கேட்கவில்லை.

பையன் மேல் குற்றம் இல்லை. “மிட்டாய் கொடுத்தால் வாங்காதே, பிள்ளை பிடிக்கிறவன் வருவான்” என்றுதான் நாம் சொல்லி வளர்க்கிறோம். அதைக் கேட்கும் பிள்ளையின் மனதில் என்ன படம் எழும்? சிவந்த கண், தாடி, தோளில் சாக்குப் பை. அப்படி ஒருவனைக் கண்டால் பிள்ளை ஓடிவிடும். சிரித்த முகத்தோடு, துவைத்த சட்டையோடு வருகிறவரைக் கண்டு ஏன் ஓடப் போகிறது?

கோவையில் நடந்தது

2010-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி. கோவையில் ஓர் அக்காளும் தம்பியும் பள்ளிக்கூடம் போகக் காத்து நின்றார்கள். அக்காளுக்கு 10 வயது. தம்பிக்கு 7 வயது. ஒரு வேன் வந்தது. ஏறினார்கள். வீடு திரும்பவில்லை.

அந்தச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை இங்கே எழுத மனம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளும் உடுமலைப்பேட்டைப் பக்கம் பரம்பிக்குளம்-ஆழியாறு கால்வாயில் தள்ளிக் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாடே அழுதது.

கைதான இருவரில் வேன் ஓட்டியவன், நவம்பர் 9-ந் தேதி போலீசாரால் சுடப்பட்டு இறந்தான். மற்றவனுக்கு 2012-ல் கோவை கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது. 2019-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேன் ஓட்டியவன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் பழகியவன். அந்தக் குழந்தைகளுக்கு அவன் தெரிந்த முகம். “தெரியாதவரோடு போகாதே” என்று அவர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லி இருந்தாலும் அன்று பயன்பட்டு இருக்காது.

இது ஏதோ ஒரு வழக்கின் விசேஷம் அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்க 2012-ல் ‘போக்சோ’ சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி பதிவாகும் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுகிறவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்றப் பதிவேடுகள் காட்டுகின்றன.

என்ன சொல்லிக் கொடுப்பது?

முகத்தைப் பார்க்கச் சொல்லாதீர்கள். “வீட்டில் சொன்னார்களா?” என்று யோசிக்கச் சொல்லுங்கள். அப்பா, அம்மா முன்கூட்டியே சொல்லாமல், மாமா வந்தாலும், பக்கத்து வீட்டு அண்ணன் வந்தாலும், ஆட்டோவுக்கு ‘ஆக்டிங்’ டிரைவர் வந்தாலும் ஏறக் கூடாது.

அழைக்க வருகிறவன் பெரும்பாலும் மிட்டாய் காட்ட மாட்டான். “உங்க அப்பாவுக்கு அடிபட்டு பெரியாஸ்பத்திரியில கெடக்காரு, சீக்கிரம் ஏறு” என்பான். பெரியவர்களே பதறிப்போகும் பேச்சு இது. ஆகையால் வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாச்சி வீட்டுப் பசுவின் பெயராகக்கூட இருக்கலாம். அந்தச் சொல்லைச் சொல்லாதவரோடு பிள்ளை போகக் கூடாது. ஒரு தடவை பயன்படுத்திய சொல்லை உடனே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் நம் மரியாதைப் பழக்கம். பெரியவர் கூப்பிட்டால் “மாட்டேன்” என்று சொல்ல நம் பிள்ளைகளுக்கு நாக்கு எழாது. “இந்த விஷயத்தில் மறுத்துப் பேசு, கத்து, ஓடு. நான் திட்ட மாட்டேன்” என்று நீங்களே அனுமதி கொடுக்க வேண்டும். வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் ஓடச் சொல்லுங்கள். வண்டி திரும்பி வர நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் அப்பா வண்டிக்காரராக நடிக்கட்டும், பிள்ளை ஓடிப் பழகட்டும். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு!

பீதி வேண்டாம்

அதற்காக ஊரைக் கூட்டிவிடாதீர்கள். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக ‘வாட்ஸ்-அப்’பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோவிலுக்குக் காரில் வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. சந்தேகம் வந்தால் 112-ல் போலீசைக் கூப்பிடுங்கள். உங்கள் கை ஓங்க வேண்டாம்.

பஸ் போய்விட்டால்?

மதுரை நகரில் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவிலாவது போகலாம். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் அப்படி இல்லை. அரசு பஸ்சில் மாணவர்களுக்கு இலவசம்தான். ஆனால் வருவது ஒரு பஸ் என்றால், அது தவறிய பிறகு நடக்க வேண்டும், இல்லை கை காட்ட வேண்டும். இதற்கு வழி சொல்லாமல் “ஏறாதே” என்று மட்டும் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய் வாத்தியாரிடம் போன் செய்யச் சொல்லட்டும். நான்கைந்து பேர் சேர்ந்தே வரட்டும். பள்ளி விடும் நேரத்துக்கு பஸ் வேண்டும் என்று, ஊர்க்காரர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

1098 என்ற எண்ணையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். 1996-ல் மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவி போன் அது. இரவும் பகலும் உண்டு. காசு கிடையாது. பிள்ளையே பேசலாம்.

என் வண்டியில் ஏறிய பையனுக்கு அந்த எண் தெரியவில்லை. அவனுடைய கணக்கு நோட்டின் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.