ஸ்மார்ட் போர்டில் எண்ணூர் எங்கே?

அரசுப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் வேலையை 2024-ல் தமிழக அரசு தொடங்கியது. செலவு 455 கோடி ரூபாய். நல்ல காரியம்தான். சாக்பீஸ் தூளைத் தின்றே வளர்ந்த நமக்கு, ஏழைப் பிள்ளைக்கு எதிரே ஒரு பெரிய திரை மின்னுவதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

என் சண்டை, அந்தத் திரையில் என்ன ஓடுகிறது என்பதில்.

எண்ணூரில் ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஆறு கடலில் சேரும் இடம் பற்றிப் பாடம். திரையில் ஒரு கார்ட்டூன் ஆறு, பளிச்சென்று ஒரு கார்ட்டூன் கடல். யாரோ ஒரு அக்கா தேன் குரலில் விளக்கிக்கொண்டிருக்கிறார். நடந்து போகிற தூரத்தில் கொசஸ்தலை ஆறு நிஜமாகவே கடலில் கலந்துகொண்டிருக்கிறது. கடைசி பெஞ்சில் இருக்கும் பையனின் தாத்தா, அந்தத் தண்ணீரில் இறங்கி வெறுங்கையால் இறால் தடவிப் பிடித்தவராக இருப்பார். அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் ஒழுகி ஒழுகி ஆறு எப்படி மேடு தட்டிப் போச்சு என்று அவனைக் கேட்டால், அனிமேஷன் அக்காவைவிட நன்றாகச் சொல்வான். ஆனால் கேட்க ஆளில்லை. படம் ஓடும்போது பேசக்கூடாதே!

முன்பு வாத்தியார் பேசினார், பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது. இப்போது திரை பேசுகிறது, பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறது. இதுக்குப் பேர் மாற்றமா சார்?

‘டிஜிட்டல் ஸ்டோரி டெல்லிங்’ என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ பக்கம் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி போன்ற நாடக, ஊடகக் கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கியது. சங்கதி ரொம்ப எளிது. சாதாரண மனிதர் ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்குள், தன் சொந்தக் குரலில், சில புகைப்படங்களோடு அதைச் சொல்ல வேண்டும். சொந்தக் குரல் என்பதுதான் இதில் உயிர். நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் இதை எப்படித் தலைகீழாக்கிவிட்டோம் பாருங்கள்! கம்பெனி தயாரித்த வீடியோவை வாங்கிப் போட்டுக் காட்டுவதற்கும் இங்கே அதே பெயர்தான்.

நிஜமாகச் செய்தால் என்ன நடக்கும்? ராயபுரத்தில் ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மா, காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர் என்று வைத்துக்கொள்வோம். மகள் அதை எழுதுகிறாள். முதலில் நாலு பக்கம் வரும். இரண்டு நிமிடக் குரலுக்கு இருநூறு சொல்லைத் தாண்டக் கூடாது என்றால், வெட்ட வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது? ஐஸ் உடைக்கிற சத்தத்தைச் சொல்வதா, அதைப் பதிவு பண்ணிப் போட்டுவிடுவதா? அம்மா சொல்கிற விலைக்கும் வியாபாரி கேட்கிற விலைக்கும் நடுவே எத்தனை ரூபாய்? கணக்கு வருகிறது, தமிழ் வருகிறது. ‘முன்னுரை, பொருளுரை, முடிவுரை’ என்று கட்டுரை நோட்டில் வருஷக்கணக்காகச் சொல்லியும் வராத தமிழ் அது. அப்புறம் ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, தன் குரலைப் பதிவு செய்து, அதைத் தானே திரும்பக் கேட்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள்.

கடல் பாடமும் அப்படித்தான். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் மீனவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தச் சொற்களெல்லாம் தாத்தாக்களோடு போய்ச் சேர்வதற்குள், ஒரு பேரனாவது மைக்கை நீட்ட வேண்டாமா?

“எல்லார்கிட்டயும் போன் இருக்கா?” என்பீர்கள். எல்லாருக்கும் வேண்டாம். அஞ்சு பேருக்கு ஒன்று போதும். 2020-ல் கொரோனா வந்தபோது, கடனை வாங்கியாவது போன் வாங்குங்கள், ஆன்லைன் கிளாஸ் இருக்கிறது என்று விரட்டியது யார்? பாடம் கேட்க ஆகும் போன், பேச மட்டும் ஆகாதா?

வடசென்னைக்கு இது பொழுதுபோக்குக் கலை இல்லை. சினிமாவுக்கு வடசென்னை என்றாலே ரவுடி, கத்தி, கானா. அரசு ஃபைலுக்கு அது மணலி, எண்ணூர், துறைமுகம், கன்டெய்னர். நடுவே வாழ்கிற சனம் தன் வாயால் பேசியது எங்கே பதிவாகியிருக்கிறது? 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. பாதிப்பு ஒன்றுமில்லை என்றுதான் துறைமுகத் தரப்பு முதலில் சொன்னது. அப்புறம் ஊர்க்காரர்களும் மாணவர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து மறுபடி எண்ணெய், மறுபடி பக்கெட். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2024 அக்டோபர் 25-ல் திருவொற்றியூரில் பள்ளிக்குள்ளேயே வாயு நெடி. முப்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் மூச்சுத் திணறினார்கள். நவம்பரில் பள்ளி திறந்த அன்றே மறுபடியும்.

அந்த நெடியை முகர்ந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். டி.வி.யில் அதைப் பற்றிப் பேசியவர்கள் அதிகாரிகளும் நம்மைப் போன்ற பெரிசுகளும்.

ஒரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். காரில் வந்து, குப்பத்துப் பிள்ளையை அழ வைத்து, அதை வீடியோ எடுத்து, நன்கொடைக்கு அனுப்பும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். கதை அந்தப் பிள்ளையுடையது. எதைச் சொல்வது, யாருக்குக் காட்டுவது, எப்போது அழிப்பது எல்லாம் அதன் இஷ்டம். அப்பா குடிப்பதை வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டாம் என்று நினைத்தால், காட்ட வேண்டாம். ஒரு சந்தோஷமான கேரம் போட்டியைப் பற்றிச் சொன்னாலும் அது வடசென்னைதான்.

டீச்சர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு நேரமில்லை என்பதைவிடப் பெரிய தடை, பயம். ஒரு பையன் சாம்பல் குழாயைப் படமெடுத்து வந்து, “இதனாலதான் எங்கப்பா இப்ப கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை பாக்குறாரு” என்று பேசிவிட்டால்? மெமோ வருமா, டிரான்ஸ்ஃபர் வருமா? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத வரை எந்த டீச்சரும் கார்ட்டூன் ஆற்றைத்தான் ஓட விடுவார். 455 கோடிக்குத் திரை மாட்டிய கல்வித்துறை, பிள்ளைகள் சொல்லும் கதைக்காக எந்த ஆசிரியர் மீதும் நடவடிக்கை கிடையாது என்று ஒரு சர்க்குலர் போடட்டும். செலவு ஒரே ஒரு தாள்தான்.