கருவி காட்டாத நோய்



“எல்லாம் வெறும் தோன்னலாணு அம்மே!” என்றார் மருத்துவர். தோன்னல் என்றால் மனத்தின் வெறும் எண்ணம். என்னை இடுப்பில் சுமந்து தென்காசியிலிருந்து திருப்பூணித்துறைக்கு வந்த நாள் முதல் மலையாளத்தோடு வாழும் என் தாய்க்கு அச்சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீடு வந்து சேரும் வரை அவர் வாய் திறக்கவில்லை.

2021-இல் அவருக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் போயிற்றே தவிரக் களைப்புப் போகவில்லை. பூர்ணத்ரயீசர் கோயில் வரை நடந்து வந்தால் அன்று ஒன்றுமில்லை. மறுநாள் தலை தூக்க முடியாது. ஒரு வாளித் துணி துவைத்தால் இரண்டு நாள் படுக்கை. இரத்தம் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாமற் போகவே பழி மனத்தின் மேல் விழுந்தது. “தினமும் நடக்க வேண்டும், நேற்றைவிட இன்று சற்று அதிகம்” என்பது கட்டளை. நடந்தார். மூன்றாம் வாரம் அடுக்களைக்கு எழுந்து போகவும் முடியவில்லை.

நான் வேதியியல் பயில்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும் ஒன்று கேட்பேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைக் கருவி காட்டவில்லையானால் என்ன எழுதுகிறோம்? “இக்கருவி காணும் அளவுக்குக் கீழே” என்றுதானே? “பொருளே இல்லை, எல்லாம் மனப்பிரமை” என்று எழுதிப் பாருங்கள். பேராசிரியர் நோட்டைத் திருப்பி வீசுவார். நோயாளியிடம் மட்டும் அந்தத் துணிவு எங்கிருந்து வருகிறது?

வழக்கம் பழையது. 1955-இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஊழியர் இருநூற்றுக்கு மேற்பட்டோர் தசை நோவும் தீராக் களைப்பும் கண்டு வீழ்ந்தனர். 1970-இல் மெக்கவெடி, பியர்டு என்னும் இரு மனநோய் மருத்துவர்கள் அந்நோயாளிகளைப் பரிசோதிக்காமலே, பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, ‘கூட்டு ஹிஸ்டீரியா’ என்று தீர்ப்பளித்தார்கள். பெண்கள் அதிகம் பாதிக்கப்பட்டதும் அதற்கு ஒரு சான்றாம். நல்ல சான்று!

அவ்வகைக் களைப்பு நோய்க்குப் பிற்காலத்தில் பிரிட்டனில் நடந்த ‘பேஸ்’ ஆராய்ச்சியை நம் விஞ்ஞான மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். நோயாளிகள் 641 பேர். எண்ணத்தை மாற்றும் சிகிச்சையாலும், படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியாலும் நூற்றுக்கு 22 பேர் குணமடைந்ததாக 2013-இல் அறிவித்தார்கள். உடல் இயக்கத்துக்கு நூற்றுக்கு 65-உம் அதற்குக் கீழும் மதிப்பெண் பெற்றவர்தாம் நோயாளியாகச் சேர்க்கப்பட்டனர். குணமானதற்கு 85 வேண்டும் என்பது முதலில் வகுத்த விதி. பின்னர் அதை 60 ஆக்கிவிட்டார்கள்! 65-உடன் வந்து 60-க்கு இறங்கியவரும் அந்த ஒரு தேர்வில் ‘தேறியவர்’ ஆகிவிடலாம். நம் சர்வகலாசாலையில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்!

இதைக் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்பியவர்கள் நோயாளிகளே. ஆஸ்திரேலியாவில் நோயுற்றிருந்த அலெம் மாத்தீஸ் ஆராய்ச்சியின் மூலப் புள்ளிகளைக் கேட்டு மனுச் செய்தார். 2016-இல் நடுவர் மன்றம் கொடுக்கும்படி உத்தரவிட்டது. பழைய விதிப்படி கணக்கிட்டபோது எண்ண சிகிச்சையில் நூற்றுக்கு 7, உடற்பயிற்சியில் 4 பேர். இரண்டும் இல்லாமல் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவரில் 3 பேர். 2021-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுக் குழு, அந்நோய்க்கு அவ்வுடற்பயிற்சியை அளிக்கலாகாது என்றது. எண்ண சிகிச்சை துணையே, நோய் தீர்க்கும் மருந்தன்று என்றும் கூறியது.

என் தாய்க்கு வந்தது அந்நோயே என்று நான் சாதிக்கவில்லை. மனநோயை இழிவென்று சொல்பவனும் அல்லன். அது உண்மையான நோய், ஆகவே அதற்கும் சான்று வேண்டும். “தெரியவில்லை” என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதன் பெயரைச் சொல்லாதீர்கள் என்பதே என் வழக்கு. “நான் சோம்பேறிதானோ, தம்பி?” என்று அம்மா ஒரு நாள் என்னைக் கேட்டார். நோயைக் காட்டிலும் கொடிதாக இருந்தது அக்கேள்வி.

இப்போது அவர் ஒரு நோட்டில் எழுதி வருகிறார்: இன்று என்ன வேலை, நாளை என்ன வலி. அடுத்த மாதம் வேறொரு மருத்துவரிடம் போகிறோம். அவர் படிப்பதற்காக அதை நான் மலையாளத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு பக்கம் ஆகியிருக்கிறது.