முன்பக்கத்தைத் தூக்கும் தம்பிகளுக்கு

இந்த வாரம் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்துக் கதை ஒன்றை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு சண்டைக்கு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு காட்சி. வீட்டு வாசலில் பிக்கப் வண்டி, அதன் கீழே ஜாக்கி, முட்டுக்கு நாலு செங்கல், பக்கத்தில் ஒரு செல்போன் வீடியோ. முன்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டையை வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். சாயங்காலத்துக்குள் வண்டி இரண்டு அங்குலம் நிமிர்ந்துவிடுகிறது. "பார்க்க கெத்தா இருக்குல்லா தாத்தா?" என்று என்னையே கேட்கிறார்கள்.

கெத்து யாருக்கு, கேடு யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

போன சாரல் சீசனில் ஒரு நாள் இரவு, குற்றாலத்திலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் என் வீட்டுக்காரி. நன்னகரம் தாண்டியதும் எதிரே ஒரு பிக்கப். அதன் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. மூக்குக்கண்ணாடியில் சாரல் துளி வேறு. ரோடு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஓரத்தில் இறங்கி விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

வண்டிக்காரப் பையன் ஓடாமல் நின்று, எங்களைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். எங்கள் தெருப் பையன்தான். வழியெல்லாம் ஒரே வார்த்தை: "டிம்லதான் போட்டிருந்தேன் தாத்தா, சத்தியமா டிம்லதான் போட்டிருந்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் முன்பக்கத்தைத் தூக்கியிருந்தான். பின்னால் லோடும் இருந்தது.

நான் குமாஸ்தா, கணக்குப் போடாமல் விட மாட்டேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 3 மீட்டர் இடைவெளி உள்ள வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால், 30 மீட்டர் தள்ளி அந்த விளக்கின் வெளிச்சம் அரை மீட்டருக்கு மேல் ஏறிவிடும். ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருகிறவன் முகத்தில் விழும். லோடு ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் இன்னும் மேலே போகும். அப்புறம் டிம் என்ன, பிரைட் என்ன?

"காலி வண்டி பின்னால் தூக்கலாக நிற்கிறது, அசிங்கமாக இருக்கிறது, அதைச் சமப்படுத்துகிறோம்" என்கிறார்கள். தம்பிகளே, அது அசிங்கம் இல்லை, கணக்கு. பாரம் ஏறும்போது பின்பக்கம் தாழும் என்று தெரிந்துதான் கம்பெனிக்காரன் அப்படி வைத்திருக்கிறான். நீங்கள் காலி வண்டிக்கு அழகு பார்க்கிறீர்கள். வண்டி ஓடுவதோ லோடோடு.

விளக்கோடு போவதில்லை. உயரம் மாறினால் முன் சக்கரத்தின் சாய்வு மாறும். ஸ்டீயரிங் கனக்கும், அல்லது நேருக்குத் திரும்பாமல் அலையும். பிரேக் ஹோஸ் இழுபடும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் பாயும். அப்போது அந்த இரும்புக் கட்டை முறுக்கு வாங்கும். புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது அது நழுவினால், சக்கரம் போகும் திசை டிரைவர் கையில் இல்லை. இன்னொன்று, அந்தச் செங்கல் நொறுங்கினால் கீழே படுத்திருப்பவன் யார் வீட்டுப் பிள்ளை?

உயரத்தைக் கூட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1955இல் பிரெஞ்சுக்காரர்கள் சித்ரோயன் டி.எஸ். என்று ஒரு கார் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பத்திரிகைப் படத்தில் பார்த்து வாய்பிளந்திருக்கிறேன். உள்ளே ஒரு நெம்புகோலைத் திருப்பினால் கார் தானே உயரும். அதைச் செய்தவர்களே 1967இல், வண்டி முன்பின் சாய்ந்தாலும் வெளிச்சம் ரோட்டை விட்டு ஏறாதபடி விளக்கையும் சஸ்பென்ஷனோடு இணைத்தார்கள். உயரத்தோடு விளக்கையும் யோசிப்பவன் பொறியாளன். உயரத்தை மட்டும் யோசிப்பவன் கையில் ஸ்பேனர் இருந்து என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை எடுத்துக்காட்டினேன். "ஆர்.சி. புத்தகத்தில் ஸ்பிரிங் உயரம் ஏது சார்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். சரி, சட்டத்தை விடுங்கள். என் வீட்டுக்காரியின் மணிக்கட்டு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

ஒரு நியாயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். "வேகத்தடை அடியில் இடிக்கிறது" என்கிறார்கள். உண்மைதான். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது வேகத்தடையா, வரப்பா? ஆனால் வரப்பைச் சரிசெய்யச் சொல்லாமல் வண்டியைத் தூக்கினால், ரோட்டின் குற்றத்துக்கு எதிரே வருகிற கிழவன் அல்லவா தண்டனை அனுபவிக்கிறான்?

அதனால் ஒன்று செய்யுங்கள். அளவுக்கு மீறின வேகத்தடை எது என்று டேப் பிடித்து அளந்து கொண்டுவாருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு மனு நான் எழுதித் தருகிறேன். வாழ்நாள் முழுக்க அந்த வேலைதானே பார்த்தேன். தூக்கின வண்டியை நல்ல பட்டறையில் விட்டுப் பழைய உயரத்துக்கு இறக்குங்கள். அதுவரை விளக்கையாவது இறக்கி வையுங்கள்.

அந்தப் பையன் மறுவாரமே கட்டையைக் கழற்றிவிட்டான். வாசலில் பார்க்கும்போதெல்லாம் "ஆச்சிக்குக் கை எப்படி இருக்கு?" என்று கேட்கிறான். கட்டுப் பிரித்தாயிற்று. ஆனால் இட்லி மாவுப் பாத்திரத்தை இன்னும் நான்தான் தூக்குகிறேன்.