எளாவூர் செக்போஸ்டும் இங்கிலாந்துக்காரரும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமானதால தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு. போன வாரம் கும்மிடிப்பூண்டி லோக்கல்ல நடந்த ஒரு பேச்சு உசுப்பேத்தி விட்டுடுச்சு.

பொன்னேரி தாண்டினாலே நம்ம பெட்டியில அரசியல் ஆரம்பிச்சிடும். ஒருத்தர் சொன்னார்: "பிரிட்டனைப் பாருங்க சார். ஐரோப்பிய யூனியனே வேணாம்னு உதறிட்டு வந்துட்டான். நாமளும் இந்த ஜி.எஸ்.டி.யை உதறிட்டு வந்துடணும்." பாதிப் பேர் தலையாட்டினாங்க. நான் வாயைத் திறக்கல. இங்கே திறக்கிறேன் :)

எனக்கு ஏற்றுமதிப் பேப்பர் வேலை. பேர் வேண்டாம், சிப்காட்ல ஒரு நடுத்தர வால்வு கம்பெனி. 2016 ஜூன் 23-ல பிரிட்டன்ல ஓட்டு நடந்து, 51.9 சதவீதம் பேர் வெளியேறணும்னு சொன்னப்ப நாங்க டீ குடிச்சுக்கிட்டே வேடிக்கை பார்த்தோம். 2020 ஜனவரி 31-ல அதிகாரபூர்வமா வெளியேறினாங்க. அப்பவும் ஒண்ணும் ஆகல. அந்த வருஷக் கடைசி வரைக்கும் பழைய விதிகளே ஓடிச்சு. வினை வந்தது 2021 ஜனவரியில.

எங்க இங்கிலாந்து வாடிக்கையாளர் மொத்தச் சரக்கையும் தன் கிடங்குல இறக்கி, அங்கேருந்து ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் பிரிச்சு அனுப்புவார். பிரிட்டன் துறைமுகத்துல ஒரு தடவை சுங்கம் கட்டினா முடிஞ்சது, ஐரோப்பா முழுக்க யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. 2020 டிசம்பர் 24-ல ரெண்டு தரப்பும் 'சுங்கமில்லா' ஒப்பந்தம் போட்டாங்களே, அப்புறம் என்னன்னு கேட்பீங்க. அது பிரிட்டன்லயும் யூனியன்லயும் தயாரான சரக்குக்கு மட்டும்தான். எங்க வால்வு கும்மிடிப்பூண்டியில பொறந்தது. அங்கே ஒரு தடவை சுங்கம், கடல் தாண்டி ஜெர்மனிக்குள்ள நுழைஞ்சா இன்னொரு தடவை. மனுஷன் கணக்குப் போட்டுப் பார்த்தார், ஆர்டரை ரெண்டாப் பிரிச்சுட்டார். பாதி இங்கிலாந்துக்கு, பாதி நேரா ராட்டர்டாமுக்கு. முழுக் கன்டெய்னர் போன இடத்துல ரெண்டு அரைச் சரக்கு. பேப்பர் டபுள், செலவு டபுள்.

அடுத்த கூத்து முத்திரை. ஐரோப்பாவுக்கு சி.இ. முத்திரை போதும்னு இருந்தோம். பிரிட்டன் தனியா யு.கே.சி.ஏ.ன்னு ஒண்ணு கொண்டு வந்தது. கெடு வைப்பாங்க, தள்ளுவாங்க, மறுபடி வைப்பாங்க. நாங்களும் பயந்துபோய் புதுப் பெயர்த்தகடு ஆயிரக்கணக்குல அடிச்சு வச்சோம். 2023 ஆகஸ்ட்ல, சி.இ. முத்திரையையே காலவரையறை இல்லாம ஏத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. அந்தத் தகடெல்லாம் இன்னும் எங்க ஸ்டோர் ரூம்ல தூங்குது.

அந்த 2021-ல பேக்கிங் பிரிவுல ராத்திரி ஓ.டி. நின்னுபோச்சு. கொரோனாவும் சேர்ந்து அடிச்ச வருஷம், எதனால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஆரம்பாக்கத்துலேருந்து வர்ற ஒப்பந்தத் தொழிலாளி அண்ணன் ஒருத்தர் கேட்டது மனசுல நிக்குது: "சார், லண்டன்காரன் ஓட்டுப் போட்டா என் ஓ.டி. ஏன் சார் போகுது?" எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் வாய் வரல.

சரி, அவங்களுக்காவது லாபமா? அங்கத்திய சுதந்திரமான பட்ஜெட் மதிப்பீட்டு அலுவலகம், யூனியன்ல இருந்திருந்தா கிடைச்சிருக்கக்கூடிய உற்பத்தித்திறனைவிட நீண்டகாலத்துல 4 சதவீதம் குறையும்னு கணக்குச் சொல்லுது. வெளிநாட்டுக்காரன் வரவைக் குறைப்போம்னு சொல்லித்தான் ஓட்டுக் கேட்டாங்க. ஐரோப்பாக்காரங்க வரவு குறைஞ்சது, ஆனா நம்ம ஊர்ப் பசங்களும் நர்ஸுகளும் போய், மொத்த எண்ணிக்கை 2023-ல உச்சத்துக்கே போச்சு. 2025 மே மாசம், உணவுப்பொருள் சோதனையைக் குறைக்கலாமான்னு மறுபடி யூனியனோட உட்கார்ந்து பேச ஆரம்பிச்சாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்கக் கூடாது. யூனியனுக்குள்ள இருந்திருந்தா பிரிட்டன் நம்மகூடத் தனியா ஒப்பந்தம் போட்டிருக்கவே முடியாது. 2022 ஜனவரியில பேச்சு ஆரம்பிச்சு, 2025 ஜூலை 24-ல கையெழுத்தாச்சு. அந்த ஒப்பந்தப்படி நம்ம சரக்குல 99 சதவீத வகைகளுக்கு அங்கே சுங்கம் கிடையாது. திருப்பூருக்கும் ஆம்பூருக்கும் நல்ல சேதி. எங்க மாதிரி ஆளுங்களுக்கும்தான். ஆக, வெளியேறினதே மகா பாவம்னு நான் சொல்லல. அவங்க நாடு, அவங்க ஓட்டு.

நான் சொல்ல வர்றது வேற. வெளியேறுறதுக்கு ஒரு செலவு இருக்கு. அதை மேடையில யாரும் சொல்றதில்ல. கடைசியில கட்டுறவன் ஓட்டே போடாதவனா இருக்கான்.

இப்ப எளாவூருக்கு வருவோம். 2017 ஜூலைக்கு முன்னாடி அந்த வணிகவரி செக்போஸ்ட்ல நின்னவங்களுக்குத் தெரியும். ஆந்திராவுல தடா, இங்கே கும்மிடிப்பூண்டி, நடுவுல இருபது கிலோமீட்டர்கூட வராது. ஒருநாள் ராத்திரி லோடோட வந்து, ஒரு பில்லுல சீல் சரியா விழலைன்னு விடியற வரைக்கும் லாரிக்கடியில படுத்திருக்கேன். டிரைவர் அண்ணனுக்கு நாள் படி போச்சு. இப்ப இ-வே பில் போன்ல இருக்கு, வண்டி போய்க்கிட்டே இருக்கு.

ஜி.எஸ்.டி.யில தமிழ்நாட்டுக்குக் குறை இல்லையா? நிறைய இருக்கு. நம்ம வரியை நாமளே தீர்மானிக்கிற உரிமை சுருங்கிப்போச்சு, பங்கு பத்தலைங்கிற கோபமும் நியாயம்தான். அதுக்குக் கவுன்சில்ல சண்டை போடணும், கோர்ட்டுக்குப் போகணும், தேர்தல்ல கேட்கணும். உதறிட்டு வந்துடலாம்னு சொல்ற நண்பர், எளாவூர்ல மறுபடி கட்டப்போற அந்தக் கூண்டுல எத்தனை மணி நேரம் நிக்கத் தயாரா இருக்கார்னு மட்டும் சொல்லட்டும்.

அவர் நிக்க மாட்டார். டிரைவர்தான் நிப்பார். கூடவே என்னை மாதிரி ஒரு கிளார்க்கும், கையில பில்லை வச்சுக்கிட்டு.

டிஸ்கி: ஸ்டோர் ரூம்ல தூங்குற பெயர்த்தகடுகளை என்ன பண்ணலாம்னு யாருக்காவது யோசனை இருந்தா சொல்லுங்க மக்களே. பழைய இரும்புக்குப் போட ஆடிட்டர் விட மாட்டேங்கறார் :(