கெவின் கில்பர்ட்டின் தாள்களும் லைன் வீட்டுத் தகரப் பெட்டியும்

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விடுகிறார்கள், லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்க்கிறார்கள், காப்பித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போய்விடுகிறார்கள். இந்த மலையின் வரலாறு என்று அவர்களுக்குச் சொல்லப்படுவது ஒரே கதைதான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார், கிரேஞ்ச் எஸ்டேட் உருவானது, ஏற்காடு ஏற்காடானது. காட்டை வெட்டியவர் யார், குழி எடுத்தவர் யார், நாற்றைத் தலையில் சுமந்து ஏறியவர் யார் என்று அந்தக் கதையில் ஒரு வரிகூட இருக்காது. மலை மலையாளிப் பழங்குடி மக்களுடையது. அவர்களும் எஸ்டேட் கூலிக்குப் போனார்கள். பஞ்சத்துக்கும் ஊர்ச்சாதிக்கும் தப்பிக் கீழேயிருந்து ஏறி வந்த நம்மவர்களும் போனார்கள்.

துரைக்குக் காகிதம் இருக்கிறது. அரசு ஆவணம் இருக்கிறது, 1883-இல் லெ ஃபனு தொகுத்த சேலம் மாவட்ட மேனுவல் இருக்கிறது, தேவாலயப் பதிவேடு இருக்கிறது, கல்லறைக் கல்லும் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் தங்கிய நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஊர் ஊராகச் சேர்த்த பழைய கற்கருவிகள் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. இந்த மலையில் கிடைத்த கற்களும் அவற்றில் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கல்லுக்கு எண்ணும் அட்டவணையும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் அதே மலையில் பழம் பறித்த பெண்ணுக்கு இருந்ததெல்லாம் செக்ரோலில் ஒரு பெயர். அந்தச் செக்ரோலும் எடைக்குப் போயிருக்கும்.

பழம் பறிக்கிறவர்களில் ஒருவர் உட்கார்ந்து நாடகம் எழுதினால் அது எப்படி இருக்கும்? ஆஸ்திரேலியாவில் ஒருவர் எழுதினார். அதனால்தான் ஏற்காட்டைப் பற்றிப் பேச வந்த நான் அங்கே போகிறேன்.

கெவின் கில்பர்ட் 1933-இல் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தின் காண்டோபோலின் என்ற ஊரில் பிறந்தவர். விராஜுரி என்ற ஆதிகுடி இனத்தவர். ஏழு வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். அதிகம் படிக்கவில்லை. பழப் பருவம் வந்தால் குடும்பத்தோடு தோட்டம் தோட்டமாகப் போகும் மக்களோடு வளர்ந்தவர். 1968-இல் சிறையில் இருந்தபடி அவர் எழுதிய நாடகத்தின் பெயரே ‘செர்ரி பறிப்பவர்கள்’. ஆஸ்திரேலிய ஆதிகுடி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாடகம் என்று அதைச் சொல்கிறார்கள். 1971-இல் சிட்னியில் மேடையேறியது. தோட்டத்து ஓரத்தில் கூடாரம் அடித்து, பழம் எப்போது பழுக்கும், வேலை எப்போது தொடங்கும் என்று காத்திருக்கிற கூலிக்காரக் கூட்டம்தான் அதன் பாத்திரங்கள். குடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், அவர்களுடைய நிலத்திலேயே வந்தேறிகளைப் போல உட்கார்ந்திருக்கிறார்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் பழம் சிவக்கக் காத்திருந்து, முன்பணக் கணக்கு எவ்வளவு கழியும் என்று விரல் மடக்கிப் பார்த்த எந்தக் காப்பித் தோட்டக் குடும்பத்துக்கும் இந்தக் காத்திருப்பை விளக்க வேண்டியதில்லை.

அந்த நாடகத்தில் ஆதிகுடிப் பாத்திரங்களை ஆதிகுடி நடிகர்களே நடிக்க வேண்டும் என்பதில் கில்பர்ட் விடாப்பிடியாக இருந்தார். சிறைத் தரையில் கிடந்த பழைய லினோலிய விரிப்பைப் பெயர்த்தெடுத்து, கரண்டி, ஆணி, பிளேடு கொண்டு செதுக்கி அச்சுப்படம் போட்டவர் அவர். 1972-இல் கான்பெராவில் நாடாளுமன்றத்துக்கு எதிரே ஆதிகுடி மக்கள் நட்ட கூடாரத் தூதரகத்தின் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவர். ஆதிகுடிக் கவிஞர்களின் கவிதைகளைத் தொகுத்ததற்காக 1988-இல் மனித உரிமை விருது கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெள்ளையர் குடியேறிய இருநூறாவது ஆண்டை நாடே கொண்டாடிய வருடம் அது. 1993-இல் இறந்தார்.

இன்று அவருடைய தாள்கள் கான்பெராவில், ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தில், அவர் பெயரிலேயே ஒரு தொகுப்பாக இருக்கின்றன. எந்த அரசை அவர் வாழ்நாளெல்லாம் ஏசினாரோ அதே அரசின் நூலகம். கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியது அதன் கடமை.

கில்பர்ட் ஏன் சிறையில் இருந்தார் என்பதை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு விருப்பமில்லை. 1957-இல் தன் மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு 14 ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். இப்படி ஒரு வாழ்க்கை நம்மிடையே இருந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? ஒரு பிரிவு அதை விழுங்கிவிட்டு ஃபிளெக்ஸ் அடிக்கும். இன்னொரு பிரிவு அதை மட்டுமே பேசி நாடகத்தைக் குப்பையில் போடும். இரண்டுமே செத்துப்போன அந்தப் பெண்ணுக்கும் நியாயம் செய்யாது, எழுதியவரின் எழுத்துக்கும் செய்யாது. ஒருவருடைய கடிதம், திருத்திய பிரதி, ரசீது, கூட்டக் குறிப்பு எல்லாம் ஓரிடத்தில் கிடந்தால் பின்னால் வருகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், நம்மைவிட நேர்மையாக அதைப் படிப்பார்கள். நம் இயக்கங்கள் சிலைக்குச் செலவழித்ததில் நூற்றில் ஒரு பங்கைத் தாளுக்குச் செலவழித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

நம் கணக்கைப் பார்ப்போம். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே இதழ் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ அந்தப் பெயரையே முகப்பில் அச்சடித்த துணிச்சல் அது. அதன் முழுத் தொகுப்பை இன்றுவரை யாரும் மீட்கவில்லை. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பிழைத்தது. பிழைக்க வைத்தது அரசு நூலகமோ பல்கலைக்கழகமோ அல்ல. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் சொந்த வீட்டில் சொந்தக் காசில் பழைய இதழ்களைக் கட்டிக் காத்தார்கள். அதனால்தான் 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட முடிந்தது. அந்தத் தொகுதிகள் வந்த பிறகுதான் தமிழக அரசியல் வரலாற்றை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பலருக்குப் புரிந்தது. நடுவில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன.

அம்பேத்கருக்கே இதுதான் நடந்தது. அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1967-இல், டெல்லி அலிப்பூர் சாலை வீட்டிலிருந்து அவருடைய தாள்கள் முற்றத்தில் எறியப்பட்டு மழையில் நனைந்தன. இந்த நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை எழுதியவரின் காகிதத்துக்கே கூரை இல்லை என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

நாடகத்துக்கு வருகிறேன். கே.ஏ. குணசேகரன் 1955-இல் சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்தார். ‘பலி ஆடுகள்’ எழுதினார். தமிழில் தலித் நாடகம் என்ற பேச்சே அதிலிருந்துதான் தொடங்குகிறது. நரபலிக்கு ஆள் தேடும் கை சேரிக்குள் நுழைந்து, கடைசியில் சேரிப் பெண்ணின் மேல் வந்து விழும் கதை. நமக்குள்ளேயே இருக்கும் ஆணாதிக்கத்தையும் சேர்த்தே மேடையேற்றிய துணிச்சல் அவருடையது. ‘தன்னானே’ குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். இன்குலாப்பின் ‘மனுசங்கடா’வைக் கேட்டவர்கள் பலரும் அவர் குரலில்தான் முதலில் கேட்டிருப்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக் கொடுத்தார். ‘வடு’ என்று தன்வரலாறு எழுதினார். 2016 ஜனவரியில் போய்விட்டார். அச்சில் வந்த புத்தகம் கடையில் கிடைக்கும். ஒத்திகையில் அவர் மாற்றிய வசனம், கிராமத்தில் எழுதிக்கொண்ட பாட்டு, நடிகர்களுக்குப் போட்ட கடிதம், பதிவு செய்த கேசட் இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு மாணவி நினைத்தால் எந்த நூலகத்தின் படி ஏறுவாள்? எழும்பூர் ஆவணக்காப்பகம் அரசின் தாளைக் காப்பதற்காகக் கட்டியது. நாட்டுடைமைத் திட்டம் பதிப்புரிமையை எடுத்துக்கொண்டு வாரிசுக்குப் பணம் தருகிறது, நல்லது. ஆனால் அது புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. அலமாரியில் கிடக்கும் நோட்டை அது தொடுவதில்லை.

மலையிலிருந்து கீழே இறங்கினால் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். மேடை நாடகம் சினிமாவாக மாறிய பட்டறைகளில் ஒன்று. 2023-இல் அந்த வளைவு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று பெரிய சர்ச்சையே நடந்தது. நடக்கட்டும், வளைவும் வரலாறுதான். ஆனால் அதே சேலம் மாவட்டத்தில் விடிய விடியக் கூத்தாடும் வாத்தியார்களின் வீட்டில் நாடகப் பிரதி கோடு போட்ட நோட்டில் இருக்கிறது. இரணியன், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எல்லாம் தாத்தா கையெழுத்தில், பேரன் திருத்தத்தில். கூத்து நடந்த ஊரில் அந்த ஆட்டக்காரரை எங்கே உட்காரவைத்துச் சோறு போட்டார்கள் என்பதற்கும் அந்த நோட்டுக்கும் தொடர்பு உண்டு. சேரிக்காரர் கையெழுத்தை ‘இலக்கியம்’ என்று யாரும் கேட்டு வரவில்லை. வந்தவர்களில் சிலர் வாங்கிக்கொண்டு போய் முனைவர் பட்டம் முடித்தார்கள். நோட்டு திரும்பி வரவில்லை.

அதனால் ‘அரசே, எல்லாவற்றையும் எடுத்துப் பத்திரப்படுத்து’ என்று மட்டும் கேட்க நான் தயாராக இல்லை. நம்மைப் பற்றிய தாள் ஏராளமாகச் சேர்ந்திருக்கிறது. தர்ஸ்டன் எழுதினார், சென்சஸ் எழுதியது, போலீஸ் எழுதியது. யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலிய ஆதிகுடி மக்கள் இதை முன்னமே கேட்டுவிட்டார்கள். நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் தங்கள் மக்களைப் பற்றிய பொருளை எப்படிக் கையாள வேண்டும் என்று 1995-இலேயே நெறிமுறை வகுத்தார்கள். எதை யார் பார்க்கலாம், இழிசொல் நிறைந்த பழைய அட்டவணையை எப்படித் திருத்துவது, நிர்வாகத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் பேசப்பட்டது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு தாளாவது அவர்களிடம் இருக்கிறது.

நமக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் வளர்ச்சித் துறை நாட்டுடைமை ஆக்கும்போது எழுத்தாளரின் கையெழுத்துத் தாள்களைக் காப்பதற்கும் தனியாக நிதி ஒதுக்க வேண்டும். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேர்வராயன் மலை எஸ்டேட் தொழிலாளர், மலையாளி மக்கள், கூத்துக் கலைஞர் தாள்களுக்கு அங்கே ஒரு காப்பகம் திறக்கலாம். அதன் குழுவில் பாதிப் பேராவது அந்த வீடுகளிலிருந்து வரவேண்டும். அசல் குடும்பத்துக்கே சொந்தம், காப்பகத்துக்கு நகல் போதும் என்ற உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். பழைய செக்ரோல் வைத்திருக்கும் எஸ்டேட்டுகள் அதை எடைக்குப் போடாமல் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை, லைன் வீடுகளில் இருக்கும் தோழர்களே, தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சாதிச் சான்றிதழுக்கும் பி.எஃப். சீட்டுக்கும் கீழே ஒரு கூலிச் சீட்டு, சங்க நோட்டீஸ், பாட்டு நோட்டு இருக்கலாம். லேமினேட் செய்யாதீர்கள், தாள் உள்ளுக்குள்ளேயே கெட்டுவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்காதீர்கள், மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பகல் வெளிச்சத்தில் செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேரிடமாவது வைத்துவிடுங்கள். பாட்டி உட்கார்ந்திருக்கும் பழைய போட்டோ இருந்தால் அவரிடமே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: பெயர், எந்த எஸ்டேட், எந்த வருடம், பக்கத்தில் நிற்பவர் யார்.